பேனாக்கத்திக்குக் கயிறு பின்னுதல்: நாலு புரி, ஒரு வைர முடிச்சு, சரியான அளவுகள்

பேனாக்கத்திக்குக் கயிறு கட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. சாரன் மடியில் செருகிய கத்தியையோ, களிசான் பையின் அடியில் சாவிகளோடு கிடக்கும் கத்தியையோ ஈரக்கையால் எடுக்க வேண்டியிருக்கும்போது விரலுக்கு அகப்படுவது அந்தக் கயிறுதான். தோணியின் விளிம்பில் குனிந்து வலையில் சிக்கிய தடியை வெட்டும்போது கை நழுவினால், வாவிச் சேற்றுக்குள் போன கத்தியைத் தேடி எடுப்பது நடக்காத காரியம். வயலில் உரப்பையின் தையலை வெட்டிவிட்டு வரம்பில் வைத்த கத்தியும் அப்படித்தான். புல்லுக்குள் அதன் கைபிடி தெரியாது, செம்மஞ்சள் கயிறு தெரியும்.

ஆனாலும் கட்டப்பட்ட கயிறுகளில் பல சில வாரங்களிலேயே கழற்றி எறியப்படுகின்றன. ஒன்றில் கயிறு தடிப்பாக இருக்கும், இல்லாவிட்டால் நீளமாக இருக்கும். 4 மி.மீ. கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குப் பின்னினால் கத்தியை விடக் கயிறு பெரிதாகிவிடும். பைக்குள் அடங்காது, கதவுப் பிடியிலும் சைக்கிள் ஹாண்டிலிலும் மாட்டும். எனவே மெல்லிய கயிறு, உள்ளங்கைக்குள் அடங்கும் நீளம், தேவைப்படும்போது கழற்றக்கூடிய கண்ணி ஆகிய மூன்றையும் முதலில் உறுதி செய்துகொண்டுதான் எந்தப் பின்னல் என்று யோசிக்க வேண்டும்.

இங்கே பதிவு செய்யப்படுவது மூடிய நிலையில் 9 செ.மீ. நீளமுள்ள மடக்குக்கத்தி ஒன்றுக்குப் பின்னிய கயிறு. கைபிடியின் முனைத்துளை 4 மி.மீ. கயிறு 2 மி.மீ. தடிப்புள்ள நைலோன் பின்னற்கயிறு, இரண்டு நிறத்தில்.

கயிற்றைத் தெரிவு செய்தல்

கிழக்கிலங்கையில் கல்லடி, வாழைச்சேனை, கல்முனைப் பக்கத்து வலைக்கடைகளிலும் ஹாட்வெயார் கடைகளிலும் நாலைந்து வகைக் கயிறு ஒரே கம்பியில் தொங்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு கையில் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது அது முறுக்கிய கயிறா, பின்னிய கயிறா என்பது. வலை நூலும் நங்கூரக் கயிறும் பெரும்பாலும் மூன்று புரியை முறுக்கிச் செய்தவை. அவற்றை வெட்டியவுடன் நுனி மூன்றாகப் பிரியும். பின்னும்போது ஒவ்வொரு நகர்விலும் முறுக்கு ஏறும் அல்லது இறங்கும், முடிவில் பின்னல் தானாகவே திருகிக்கொள்ளும். கத்திக்கயிறுக்கு வேண்டியது வெளியுறை பின்னப்பட்ட, உருண்டையான கயிறு. விரலிடையில் உருட்டிப் பார்த்தால் மேற்பரப்பு ஒரே சீராக இருக்க வேண்டும்.

அடுத்தது பொருள். கடைக்காரர் எல்லாவற்றையும் நைலோன் என்றே சொல்வார். ஒரு சாண் துண்டு வாங்கி, நனைத்துக் காற்றுக்குமிழியை விரலால் பிதுக்கிவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுங்கள். நைலோனும் பொலியெஸ்டரும் அமிழும். பொலிப்ரொப்பிலீனும் பொலிஎத்திலீனும் தண்ணீரை விட அடர்த்தி குறைந்தவை, மிதக்கும். மிதக்கும் கயிறு தோணிக்காரருக்கு நல்ல கயிறுதான், ஆனால் சிறு முடிச்சுக்கு உதவாது. விறைப்பாக இருப்பதாலும் மேற்பரப்பு வழுக்குவதாலும் இறுக்கிய முடிச்சு ஒரு கிழமையில் தானாகத் தளரும். பொலிப்ரொப்பிலீன் வெயிலையும் தாங்காது. நிறம் வெளுத்து, தும்பு தும்பாக உதிரத் தொடங்கும்.

பருத்தி நூல் கைக்கு மிக இதம். பின்னலும் அழகாக விழும். ஆனால் ஈரத்தை வைத்திருக்கும், கறுக்கும், மாரி மழையில் உக்கும். அதன் நுனியை நெருப்பால் உருக்கி அடைக்கவும் முடியாது, எரிந்து சாம்பலாகும். தும்புக்கயிறு இந்த அளவு வேலைக்கு முரடு.

இணையத்தில் அதிகம் பேசப்படும் பாராகோட், பரசூட் கயிறாகப் பயன்பட்டதால் அப்படிப் பெயர் பெற்றது. 550 என்று குறிப்பிடப்படுவது அது தாங்க வேண்டிய இழுவை, இறாத்தலில். கிலோவில் ஏறத்தாழ 250. தடிப்பு சுமார் 4 மி.மீ., உறைக்குள் ஏழு முதல் ஒன்பது வரை உள்ளிழைகள் இருக்கும். மலிவாக விற்கப்படும் சிலவற்றை வெட்டிப் பார்த்தால் ஏழுக்குப் பதில் ஒரு கற்றைப் பஞ்சு நூல்தான் இருக்கிறது. பாராகோட் கிடைத்தாலும் பேனாக்கத்திக்கு அது தடிப்பு அதிகம். நாலு புரியாகப் பின்னினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு வந்துவிடும். உள்ளிழைகளை உருவிவிட்டு வெற்று உறையை மட்டும் பயன்படுத்தலாம். தட்டையாகி மென்மையாகும், ஆனால் பின்னல் உருண்டையாக நிற்காது. பேனாக்கத்தி என்றால் 2 மி.மீ., பெரிய மடக்குக்கத்தி என்றால் 3 மி.மீ. போதும்.

துளையும் கண்ணியும்

கண்ணி துளைக்குள் இரட்டையாகப் போகிறது. 2 மி.மீ. கயிறு இரண்டு பக்கம் பக்கமாக நின்றால் 4 மி.மீ. துளை வேண்டும். நைலோன் சற்று நசுங்கும் என்பதால் 3.5 மி.மீ. துளையிலும் இழுத்தெடுக்கலாம். அதைவிடச் சிறிய துளை என்றால், அல்லது கைபிடியில் சாவி வளையம் மட்டுமே இருந்தால், 1 மி.மீ. வலை நூலில் ஒரு சிறு இடைக்கண்ணி கட்டி அதில் கயிற்றை மாட்டுவது நல்லது. உராய்வது அந்தச் சிறு கண்ணிதான், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். துளையே இல்லாத கத்தியில் துளையிட வேண்டாம். பிளாஸ்டிக் பிடி வெடிக்கும், உள்ளே தகடும் வில்லும் எங்கே இருக்கின்றன என்பதும் வெளியில் தெரியாது.

துளையின் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிராய்த்தால் கயிறும் சிராயும். மெல்லிய அரத்தாளைச் சுருட்டித் துளைக்குள் நுழைத்து இரு பக்கமும் திருகினால் அந்தக் கூர் போய்விடும். கண்ணி அறுந்து கத்தி தொலைந்த சந்தர்ப்பங்களில் காரணம் பெரும்பாலும் கயிற்றின் பலக்குறைவு அல்ல, இந்த விளிம்புதான்.

வெட்டிய அளவுகள்

நாலு புரி உருண்டைப் பின்னலில் ஒவ்வொரு புரியும் சாய்ந்து சுற்றிப் போகிறது. அதனால் பின்னலின் நீளத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கயிறு ஒவ்வொரு புரிக்கும் செலவாகும். இழுத்து இறுக்கிப் பின்னுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

முடிவில் வேண்டியது 5 செ.மீ. கண்ணி, அதைப் பிடித்து நிற்கும் வைர முடிச்சு, 9 செ.மீ. பின்னல், பின்னலின் கடைசியை மூடும் அடைப்பு முடிச்சு. முதலாம் கயிறு கண்ணியையும் வைர முடிச்சையும் தாங்குகிறது. கண்ணிக்கு 10 செ.மீ., வைர முடிச்சுக்கு இரு பக்கமும் சேர்த்து 20, பின்னலுக்கு 27, அடைப்பு முடிச்சுக்கு 24, கையில் பிடித்து இழுக்க 25 முதல் 30. எல்லாம் சேர்த்து 110 செ.மீ., வெட்டியது 120. இரண்டாம் கயிற்றுக்குக் கண்ணியும் வைர முடிச்சும் இல்லை. அது 90 செ.மீ. ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றரை மீற்றர் வாங்கினால் தவறுக்கும் இடம் இருக்கும். நுனி கைக்கு எட்டாமல் போனபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. மிஞ்சினால் வெட்டிவிடலாம்.

வெட்டுமுன் கயிறு முழுவதையும் இளஞ்சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நிழலில் ஓர் இரவு காயவிட வேண்டும். நைலோன் நீரை உறிஞ்சும், முதல் தடவை காயும்போது சற்றுச் சுருங்கும். பின்னிய பிறகு சுருங்கினால் முடிச்சு ஒரு பக்கம் இழுபடும், பின்னல் விறைக்கும். இந்த ஒரு நாள் தாமதத்தைப் பொறுக்காமல் பின்னியவை மாரியின் முதல் நனைவிலேயே கோணிப்போகின்றன.

நுனிகளை வெட்டியவுடன் லைட்டரால் உருக்கி அடையுங்கள். சுவாலையின் மஞ்சள் பகுதியில் பிடித்தால் கரி ஒட்டும். கீழே நீலம் தெரியும் இடத்துக்குப் பக்கமாக, தொடாமல், இரண்டு மூன்று விநாடி காட்டினால் போதும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் முற்றத்தில் இருந்து இதைச் செய்ய முடியாது, சுவாலை நிற்காது. உருகிய நைலோனை விரலால் தட்டவே கூடாது. 200 பாகை செல்சியசுக்கு மேல்தான் அது உருகுகிறது. தோலில் ஒட்டினால் உரிக்க முடியாது, தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரில் நனைத்த கரண்டியின் முதுகால் அழுத்துங்கள். தவறி ஒட்டிவிட்டால் பிய்க்காமல் உடனே ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். இந்த வேலை முடியும் வரை பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

வைர முடிச்சு

இதுதான் கடினமான பகுதி. இதைச் சொல்லாமல் பின்னலை மட்டும் விளக்குவதில் பயனில்லை, ஏனென்றால் கண்ணியைப் பிடித்து நிற்பது இந்த முடிச்சுதான்.

முதலாம் கயிற்றின் நடுவை இடது புறங்கையில் வையுங்கள். ஒரு பக்கம் சுட்டுவிரலின் மேலால் உள்ளங்கைக்கு இறங்கட்டும், மறுபக்கம் சுண்டுவிரலின் கீழால் உள்ளங்கைக்கு ஏறட்டும். புறங்கையில் கிடப்பதுதான் பிறகு கண்ணியாகும். சுட்டுவிரல் பக்கத்தை மேற்கயிறு என்றும் சுண்டுவிரல் பக்கத்தைக் கீழ்க்கயிறு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் கையிலிருந்து வரும் பகுதி தண்டு, அசையும் பகுதி நுனி.

மேற்கயிறு உள்ளங்கையின் இடது பக்கமாக இறங்கட்டும். அதைக் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு வளையமாக்குங்கள்: வலப்பக்கம் போய், கீழே வளைந்து, இடப்பக்கம் ஏறி, கடைசியில் தன் தண்டுக்கு அடியால் கடந்து, நுனி மேலே வலது மூலையில் நிற்க வேண்டும். வளையம் ஒரு ரூபா நாணயத்தைப் போல இரண்டு மடங்கு அகலமாக இருந்தால் வேலை எளிது.

இனிக் கீழ்க்கயிறு. அது கீழே வலது மூலையிலிருந்து புறப்பட்டு, வளையத்துக்கு முழுக்க அடியால் சாய்வாகப் போய், இடது மேல் பக்கத்தில் வெளியே வரட்டும். அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி மேற்கயிற்றின் தண்டுக்கு மேலாக, மேற்கயிற்றின் நுனிக்கு அடியாகப் போகட்டும். இப்போது அது வளையத்தின் வலது மேல் பக்கத்தில் நிற்கும். வளைய விளிம்புக்கு மேல், உள்ளே தன் சொந்தக் கயிற்றுக்கு அடி, மறு விளிம்புக்கு மேல் என்று இடது கீழ் மூலைக்கு வந்து சேர்ந்தால் முதற்பாதி முடிந்தது. சரிபார்க்க ஒரே வழி, எந்தக் கயிற்றையும் விரலால் தொடர்ந்து போனால் மேல், அடி, மேல், அடி என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டு மேல் அல்லது இரண்டு அடி ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அங்கேதான் பிழை. அதைப் பார்க்காமல் இறுக்கினால் முடிச்சு உருவாகாது, குலைந்துவிடும்.

நடுவில் சாய்சதுரமாக ஒரு சிறு துளை தெரியும். இரண்டாம் பாதி அந்தத் துளையைச் சுற்றித்தான். மேல் வலது மூலையில் நிற்கும் நுனி கடிகாரத் திசையிலேயே போய், கீழ் வலது மூலையில் இருக்கும் கீழ்க்கயிற்றின் தண்டை வெளிப்புறமாகச் சுற்றி, முடிச்சுக்கு அடியால் நடுத்துளை வழியே மேலே வரட்டும். கீழ் இடது மூலை நுனியும் அதேபோல மேல் இடது மூலையில் இருக்கும் மேற்கயிற்றின் தண்டைச் சுற்றி, அடியால் நடுத்துளைக்குள் வரட்டும். இரண்டு நுனியும் ஒரே துளையால் ஒரே திசையில் எழுந்து நிற்கும்.

கையிலிருந்து கழற்றி, ஒரு கையால் கண்ணியையும் மறு கையால் இரண்டு நுனிகளையும் பிடித்து மெதுவாக இழுத்தால் தட்டையாக இருந்தது உருண்டு குண்டாகும். இந்த இடத்தில் ஒரே இழுவையில் இறுக்குகிறவருக்குத்தான் முடிச்சு கோணும். பாதி இறுகியதும் நிறுத்தி, வலை பின்னும் ஊசியின் முனையால் கண்ணிப் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு வளைவிலும் உள்ள தொய்வை அடுத்த வளைவுக்குத் தள்ளிக்கொண்டே நுனிவரை போங்கள். மூன்று சுற்று தேவைப்படும். முதற் சுற்றில் உருவம் வரும், இரண்டாவதில் சமநிலை வரும், மூன்றாவதில்தான் இறுக்கம். கண்ணி 5 செ.மீ. என்று அளந்து நிறுத்த வேண்டியதும் இரண்டாம் சுற்றில்தான்.

மூன்றாம் சுற்றுக்கு முன் இரண்டாம் கயிற்றைச் சேர்த்துவிட வேண்டும். நுனிகள் வெளிவரும் பக்கத்தில் முடிச்சின் ஓர் இழைக்கு அடியால் ஊசியை நுழைத்து, இரண்டாம் கயிற்றை அதன் நடு வரை இழுத்துவிட்டு, பிறகு முடிச்சை முழுதாக இறுக்குங்கள். இப்படிச் செய்தால் இரண்டாம் கயிறு முடிச்சுக்குள்ளேயே பூட்டப்படுகிறது. பலர் அதை இரண்டு நுனிகளுக்கு இடையில் சும்மா வைத்துப் பின்னத் தொடங்குகிறார்கள். பின்னல் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் சில மாதப் பாவனையில் முடிச்சுக்கும் பின்னலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்து அங்கே மண் அடையும்.

பின்னல்

கண்ணியை ஓர் ஆணியில் மாட்டுங்கள். நாலு புரி கீழே தொங்கும். வெளியே இரண்டும் இரண்டாம் கயிற்றின் பக்கங்கள், உள்ளே இரண்டும் முதலாம் கயிற்றின் நுனிகள். இடது கையில் இரண்டு, வலது கையில் இரண்டு.

வலக்கடைசிப் புரியை எடுத்து, மற்ற இரண்டு புரிகளுக்குப் பின்னால் இடப்பக்கம் கொண்டுபோய், இடக்கடைசிப் புரிக்கும் அதன் அடுத்த புரிக்கும் இடையால் முன்னுக்கு எடுத்து, அந்த அடுத்த புரிக்கு மேலாக வலப்பக்கம் திருப்பிக் கொண்டுவாருங்கள். அது தன் வலப்பக்கத்துக்கே வந்துவிட்டது, ஆனால் இப்போது உட்புரியாக. அடுத்து இடக்கடைசிப் புரி: இரண்டுக்குப் பின்னால் வலப்பக்கம் போய், முன்னுக்கு வந்து, ஒன்றுக்கு மேலாக இடப்பக்கம் திரும்பட்டும். இவ்வளவுதான். பின்னால் இரண்டு, மேலால் ஒன்று. வலம் ஒருமுறை, இடம் ஒருமுறை. எந்த நகர்வின் முடிவிலும் கைக்கு இரண்டு புரி இருக்க வேண்டும். ஒரு கையில் மூன்று வந்தால் திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டீர்கள்.

சடை பின்னப் பழகிய கை இதில் முதலில் தடுமாறும். சடையில் எல்லாம் முன்னால் நடக்கிறது, இங்கே பாதி வேலை பின்னலுக்குப் பின்னால். முதல் நாலு நகர்வும் பார்க்க ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். ஒரு சென்ரிமீற்றர் கடந்தபின் தான் உருண்டை தெரியும். அதற்குள் அவிழ்க்க வேண்டாம்.

இறுக்கத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு பின்னலின் தரம் அதில்தான் இருக்கிறது. மருதமுனைத் தறிக்காரர் ஒருவர் துணியின் ஓரத்தைப் பார்த்தே கை எங்கே தளர்ந்தது என்று சொல்லிவிடுவார். கயிற்றிலும் அதே கணக்கு. வலது கைப் பழக்கமுள்ளவர் வலப்பக்கத்தைத் தன்னையறியாமல் கூடுதலாக இழுப்பார். முடிவில் பின்னல் வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளையும். இதற்கு மருந்து, ஒவ்வொரு நகர்விலும் இழுக்காமல், இரண்டு நகர்வுக்கு ஒருமுறை நாலு புரியையும் சோடியாகப் பிடித்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் விரித்து இழுப்பது. கீழ்நோக்கி இழுத்தால் பின்னல் நீளும், தளரும். பக்கவாட்டில் விரித்தால் இறுகும். இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒருமுறை பின்னலை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து, திரி உருட்டுவதைப் போல உருட்டினால் புரிகள் தம் இடத்தில் அமரும்.

இடையில் எழும்பிப் போக வேண்டி வந்தால் நாலு புரியையும் ஒரு துணிக் கிளிப்பால் கவ்விவிடுங்கள். திரும்பி வந்து எந்தப் புரி அடுத்தது என்று தெரியாவிட்டால், வெளியே நிற்கும் இரண்டு புரிகளில் எது பின்னலின் மேலே உயரத்திலிருந்து புறப்படுகிறதோ அதுதான் அடுத்து நகர வேண்டியது. இந்த ஒரு குறிப்பு தெரிந்தால் பின்னல் எந்த இடத்தில் நின்றாலும் தொடரலாம். ஒரே பக்கம் இரண்டு முறை நகர்த்தியிருந்தால் அந்த இடத்தில் தட்டையாக ஒரு வடு விழும், நிற ஒழுங்கும் முறியும். பழகும்போது இரண்டு நிறம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வடு தெரிந்தால் அங்கே வரை அவிழ்த்தே ஆக வேண்டும், உருட்டி மறைக்க முடியாது.

9 செ.மீ. முடிய அரை மணி நேரம் வரை எடுக்கும். முடிந்த பின்னலின் தடிப்பு சுமார் 5 மி.மீ. இருந்தது.

அடைப்பு முடிச்சு

பின்னலின் கடைசியை நூலால் இரண்டு சுற்றுச் சுற்றித் தற்காலிகமாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முடிச்சுப் போடுவதற்குள் கடைசி இரண்டு நகர்வும் அவிழும். கயிற்றைத் தலைகீழாகப் பிடித்து, நாலு புரியையும் நாலு திசைக்கு விரியுங்கள்.

கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் முதலாம் புரியை இரண்டாம் புரிக்கு அடியால் கொண்டுபோய் விடுங்கள். இரண்டாம் புரியை முதலாவதின் நுனிக்கும் மூன்றாம் புரிக்கும் அடியால், மூன்றாவதை இரண்டாவதின் நுனிக்கும் நாலாவதுக்கும் அடியால். நாலாவது புரி மூன்றாவதின் நுனிக்கு அடியால் போய், முதலாம் புரி தொடக்கத்தில் விட்ட வளைவுக்குள் கீழிருந்து மேலே எழ வேண்டும். இப்போது ஒவ்வொரு நுனியும் தன் அடுத்த புரியின் அணைப்புக்குள் நின்று மேல்நோக்கும். இதை மட்டும் இறுக்கினால் முடிச்சு சிறியது, காலப்போக்கில் தளரும். ஒவ்வொரு நுனியையும் அதன் பக்கத்துப் புரியின் தடத்திலேயே, அடிப்பக்கமாக இன்னொரு முறை ஓட்டி மேலே எடுத்தால் முடிச்சு இரட்டிக்கும், பனங்கிழங்கின் தலை போல உறுதியாக நிற்கும். இங்கேயும் ஊசியால் தொய்வைத் தள்ளித் தள்ளித்தான் இறுக்க வேண்டும்.

நுனிகளை 3 மி.மீ. விட்டு வெட்டி உருக்கி, கரண்டியால் அழுத்துங்கள். உருக்கிய இடம் நன்றாக ஆறியபின் அதை உதட்டில் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத கூர் உதட்டுக்குத் தெரியும். கூர் இருந்தால் அரத்தாளால் மழுக்குங்கள். சிலர் முடிச்சுக்குள் சூப்பர் குளூ விடுகிறார்கள். அது நைலோன் இழைகளைக் கண்ணாடி போல விறைக்க வைக்கும். விறைத்த இடத்துக்கும் மென்மையான இடத்துக்கும் எல்லையில் இழைகள் மடிந்து முறியும். சரியாக இறுக்கிய முடிச்சுக்குப் பசை தேவையில்லை.

உருக்கி முடிக்காமல் 3 செ.மீ. விட்டுப் பிரித்தால் அழகான குஞ்சம் வரும். மேசையில் கிடக்கும் கத்திக்குச் சரி. மீன் வெட்டும் கத்திக்கு வேண்டாம், செதிலும் நாற்றமும் அதற்குள் தங்கும். சிரட்டையில் 12 மி.மீ. வட்டம் வெட்டி 6 மி.மீ. துளையிட்ட மணியொன்றை அடைப்பு முடிச்சுக்கு முன் கோர்க்கலாம். இருட்டில் கைக்கு நல்ல அடையாளம் அது.

மாட்டுதல்

கண்ணியை 5 செ.மீ. என்று வைத்ததன் காரணம் இங்கே தெரியும். கண்ணியைத் துளைக்குள் நுழைத்து, முழுக் கயிற்றையும் அந்தக் கண்ணி வழியாக எடுத்து இழுக்க வேண்டும். அடைப்பு முடிச்சும் வைர முடிச்சும் கண்ணிக்குள்ளால் போகாவிட்டால் கயிறு ஒருபோதும் மாட்டுப்படாது. 3 செ.மீ. கண்ணியுடன் முடித்துவிட்டு முழுவதையும் அவிழ்க்க நேர்வது இந்த வேலையில் மிகப் பொதுவான ஏமாற்றம்.

இரட்டைக் கயிறு துளைக்குள் போக மறுத்தால் ஒரு சாண் தங்கூசியை (தூண்டில் நைலோன் இழையை) மடித்துத் துளைக்குள் விட்டு, அதன் மடிப்பில் கண்ணியைக் கொழுவி மறுபக்கம் இழுங்கள். ஒரு நொடியில் வந்துவிடும். இழுக்கும் நேரம் முழுவதும் கத்தி மூடியிருக்க வேண்டும், வில் தளர்ந்த பழைய கத்தி என்றால் அலகைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பாவனையும் பராமரிப்பும்

இந்தக் கயிறு சின்னவிரலும் மோதிரவிரலும் சுற்றிப் பிடிக்க, பையிலிருந்து இழுத்தெடுக்க. கழுத்தில் தொங்கவிட இதைப் பாவிக்க வேண்டாம், ஓரிடத்தில் மாட்டினால் நைலோன் அறாது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உழவு இயந்திரத்தின் பெல்ட்டுக்குப் பக்கத்திலோ, தோணி இயந்திரத்தை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதோ நிற்கக் கூடாது.

தோணியில் கொண்டுபோகிறவர்கள் மிதவை கட்டலாமா என்று நினைப்பதுண்டு. கணக்குப் பார்த்தால், 60 கிராம் கத்தி தானாக விலக்கும் நீர் மிகக் கொஞ்சம். அதை மிதக்க வைக்க ஏறக்குறைய 50 கன சென்ரிமீற்றர் மிதவை வேண்டும், கோழி முட்டை அளவு. அது பைக்குள் போகாது. அதைவிட, 1 மீற்றர் மெல்லிய கயிறால் அடைப்பு முடிச்சை ஒட்டிப் பின்னலில் பிணைத்துத் தோணியின் குறுக்குப் பலகையில் கட்டிவிடுவது மேல்.

வாவித் தண்ணீர் கோடையில் உப்பேறும், மாரி வெள்ளத்தில் குறையும். எந்தக் காலத்திலும் கடல்வாய்ப் பக்கத்தில் உப்பு உண்டு. உப்புநீரில் நனைந்த கயிறு காய்ந்தது போலத் தெரிந்தாலும் பின்னலுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துளையைச் சுற்றிச் செம்புள்ளி விழுவது, கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும், இதனால்தான். வாரத்துக்கு ஒருமுறை கயிற்றைக் கழற்றி, சவர்க்காரம் கரைத்த நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிசைந்து அலசி நிழலில் காயவிடுங்கள். கழற்றக்கூடிய கண்ணி வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். வெயிலில் காயவைப்பது நைலோனுக்கும் ஆகாது, மெல்ல மெல்ல இழையின் பலம் போகும்.

கழற்றும்போதெல்லாம் கண்ணி துளையோடு உராயும் இடத்தை மட்டும் பாருங்கள். மேலே மயிர் போலப் பஞ்சு எழும்பியிருந்தால் அது வெறும் தோற்றம்தான், பாவிக்கலாம். உறையின் பின்னல் விலகி உள்ளிழை வேறு நிறத்தில் தெரிந்தால் அந்தக் கயிற்றின் காலம் முடிந்தது. கண்ணியும் முதலாம் கயிறும் ஒன்றே என்பதால் கண்ணியை மட்டும் மாற்ற வழியில்லை. அடைப்பு முடிச்சிலிருந்து அவிழ்த்து, 90 செ.மீ. இரண்டாம் கயிற்றை அலசி எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக 120 செ.மீ. மட்டும் வெட்டினால் போதும்.